கொம்பும் காலும்

கேளுங்க என்று எழுதியிருந்தார்.
கடைசி எழுத்துக்குச் சிவப்புப் பேனாவால்
ஒரு கொம்பு வைத்தேன், ஒரு காலும் வைத்தேன்.
கேளுங்கோ.

எனக்கு அப்போது இருபத்திரண்டு.
பாதை திறந்த வருஷம், கிளிநொச்சியில்
முட்டை மட்டைகளை ஆணியடித்து
எதிரொலியை அடக்கிய ஓர் அறை.
பிரதி திருத்துவது, கடிதம் பிரிப்பது என் வேலை.

ஆளின் பெயர் வெள்ளையன். ஆள் கறுப்பு.
'வெள்ளையன் எண்டு காத்தில சொல்லேலாது'
பொறுப்பாளர் மதியழகன் ஆக்கினார்.
'ரெண்டும் ஒரே வெளுப்புத்தானுங்களே'
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதற்கு முன் பதினைந்து வருஷம்
திருவிழாவுக்குத் திருவிழா
பனையில் ஏறிப் புனல் கட்டியவர்.
இசைத்தட்டு மாற்றலாம், ஊசி துடைக்கலாம்,
மைக் மட்டும் தொடக்கூடாது.
புளியம்பொக்கணையில் ஓர் இரவு
அறிவிப்பாளர் கள்ளில் சரிந்து கிடக்க
ஒரு பிள்ளை தொலைந்துபோனது.
'நீலச்சட்ட போட்ட புள்ள,
அம்மா இங்க வெளக்குக்கிட்ட நிக்கிறாங்க.'
பிள்ளை வந்தது.
வயர்க்காரனுக்குக் குரல் இருப்பதை
ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

இரவு பத்திலிருந்து பன்னிரண்டு.
படத்தின் பெயர் சொல்லமாட்டார்.
'முத்தையன்கட்டுக் குளம் வான் பாயுது,
அதுக்கு இந்தப் பாட்டு' என்பார்.
ட்ரக்டர் பற்றரியைக் கழற்றி
றேடியோவுக்குக் கொடுத்த வீடுகளிலிருந்து
சாக்குச் சாக்காய்க் கடிதம்.
தம்பி சுழிபுரமோ அளவெட்டியோ?
இந்தக் குரலுக்கு நல்ல இடத்துப் பிள்ளையாத்தான் இருக்கவேணும்.
மகளுக்கு வரன் பார்க்கிறம்,
சாதகம் அனுப்பவும்.
அந்த ஒன்றை மட்டும்
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் மறுஒலிபரப்பு.
விசுவமடுவில் கச்சான் பிடுங்கும் காடு,
வரம்பு வேம்பில் முதலாளியின் றேடியோ.
'கேள் இவளே, இதெல்லோ தமிழ்!
உங்கட ஆக்களுக்கு இந்தப் பிறப்பில வராது.'
'ஆமாங்கய்யா' என்று
அடுத்த செடியைப் பிடுங்கினாளாம்
அவருடைய அம்மா.

கதவடியில் நின்று
பகிடி போலத்தான் சொன்னார்.
நானும் சிரித்துவிட்டேன்.
பாதியில் நிறுத்தத் தெரியவில்லை.

அன்றிரவு நான் திருத்திய தாளைக்
கவிழ்த்து வைத்தார்.
'கேளுங்க. எம்பேரு வெள்ளையன்.
சாந்தபுரம்.
எங்கம்மா செவனம்மா
இன்னிக்குக் கச்சான் புடுங்குனாங்க.
கைவலிக்கு இது.'

காமன் கூத்தில் பதிந்த ஒரு கசட்.
தப்பு.
மானியின் முள் சிவப்புக்குப் போய்
அங்கேயே நின்றது.
பொறுப்பாளர் எழும்பி, பிறகு இருந்தார்.
அணைக்கிற பொத்தான் எனக்குக் கிட்டத்தான் இருந்தது.
அணைக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
உண்மையில், எது அந்தப் பொத்தான் என்று
எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை சாக்கு வரவில்லை, ஒரு பை வந்தது.
அதற்கடுத்த கிழமை
நான் ஒருபோதும் பிரித்திராத ஊர்கள்:
மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம்.
அம்மா சொல்லச் சொல்லப்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதியவை,
எல்லாவற்றிலும் கேளுங்க, வாங்க, போடுங்க.
ஓர் உறையில் எழுத்தே இல்லை.
நாலு கச்சான்.

அவரை விடியப்புறம் ஐந்து மணிக்கு மாற்றினார்கள்.
சந்தை விலை.
கத்தரிக்காயையும் பாட்டு மாதிரித்தான் சொன்னார்.

பிறகு அந்த அறை இல்லை.
முட்டை மட்டை ஒன்று
வேலியில் கிடந்து கண்டேன்.

போன மாசம் கிளிநொச்சிச் சந்தை வாசலில்
லொத்தர் விற்கிற ஓட்டோ,
கூரையில் பழைய புனல்.
'வாங்க வாங்க, நாளைக்கு இழுக்கிறாங்க!'
நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.
என்னைக் கண்டதும்
மைக்கை மூடாமலே கேட்டார்:
'தப்பு இருந்தாத் திருத்துங்க டீச்சர்.'

மரக்கறிக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒரு டிக்கெட் எடுத்தேன்.
மிச்சக் காசை எண்ணித் தந்தார்.
எனக்குப் பின்னால் நின்றவருக்கு
வாங்க.